பட்டினி கிடக்காமல் நிறை குறைத்தேன்

பசி என்றால் என்னவென்று உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. 2009 ஆம் ஆண்டின் முதல் ஐந்து மாதங்களையும் வன்னியில் கழித்தவர்களுக்கு அது நன்றாகவே தெரியும். ஒரு சுண்டு அரிசியில் தண்ணீரை விட்டுவிட்டுக் காய்ச்சி ஏழு பேர் பகிர்ந்து குடித்த கஞ்சியை நானும் குடித்தவள்தான். அப்படிப்பட்ட நான் இன்றைக்கு "நிறையைக் குறைப்பது எப்படி" என்று எழுத வந்திருப்பது உங்களிற் சிலருக்கு வேடிக்கையாக இருக்கலாம். சிலருக்குக் கோபமும் வரலாம். முன்பு எனக்கும் அப்படித்தான் இருந்தது. "சாப்பாடு இல்லாமற் செத்த சனத்துக்குள்ள இருந்து வந்த எனக்கு, சாப்பாட்டைக் குறையெண்டு சொல்லினம்" என்று கிளினிக்கால் வந்து அழுதிருக்கிறேன்.

ஆனால் இதை எழுதுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அது என் அம்மாவின் கால்.

ஷெல்லுக்குத் தப்பிய கால்

அம்மா எங்களோடுதான் இடம்பெயர்ந்து வந்தவா. பங்கர் பங்கராக ஏறி இறங்கி, கடைசியில் கடற்கரை மணலில் தறப்பாளுக்குக் கீழ் இருந்து, ஒரு கீறற் காயமும் இல்லாமல் வெளியே வந்தவா. என் கணவர் வரவில்லை. அம்மாவும் நானும் இரண்டு பிள்ளைகளும் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமுக்குப் போனோம். 2010 இல் ஊருக்குத் திரும்பினோம்.

ஊருக்கு வந்து சில வருடங்களில் அம்மாவுக்குச் சீனி வருத்தம் என்று கண்டுபிடித்தார்கள். "வயது போனால் எல்லாருக்கும் வாறதுதானே" என்று நாங்கள் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. 2017 இல் காற்பெருவிரலில் ஒரு சின்னக் காயம் வந்தது. செருப்பு வெட்டிய காயம். சீனி வருத்தம் கூடினால் காலில் உணர்ச்சி குறையும், இரத்த ஓட்டமும் குறையும், காயம் ஆறாது என்பது எங்களுக்குத் தெரியாது. அம்மாவுக்கு நோகவும் இல்லை. தெரிய வந்தபோது காயம் பழுதாகிவிட்டது. முதலில் விரலை எடுத்தார்கள். பிறகு முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். இரண்டு வருடங்கள் கட்டிலில் இருந்து, 2019 இல் அம்மா காலமானா.

அத்தனை ஷெல்லுக்கும் தப்பிய கால், வீட்டில் இருக்கும்போது போனது. அதை நான் இன்னும் மறக்கவில்லை.

அளவு நாடா சொன்ன உண்மை

நான் தையல் தொழில் செய்கிறேன். காலை எட்டு மணிக்கு மெசினில் இருந்தால் மாலை வரை எழும்புவது குறைவு. ஊரில் உள்ள பெண்களின் இடுப்பையெல்லாம் அளந்த என் அளவு நாடா என் இடுப்பை அளந்ததில்லை. சட்டை இறுகினால் தையலைப் பிரித்து இளக்கி விடுவேன். தொழில் கையில் இருந்ததால் உடம்பு பெருத்தது எனக்கே தெரியவில்லை.

2023 தை மாதம், எங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தர் வற்புறுத்திக் கூப்பிட்டதால் சுகவனிதையர் கிளினிக்குக்குப் போனேன். அப்போது எனக்கு 44 வயது. நிறை 74 கிலோ. உயரம் 155 சென்ரிமீற்றர். பிரஷர் கொஞ்சம் கூட. வெறும் வயிற்றில் எடுத்த இரத்தத்தில் சீனி 118.

அங்கிருந்த மிஸ் ஒரு கடதாசியில் எழுதி விளங்கப்படுத்தினா. நிறையை உயரத்தால் (மீற்றரில்) ஒருமுறை பிரித்து, வந்த விடையை மீண்டும் உயரத்தாற் பிரிக்க வேண்டும். எனக்கு வந்தது கிட்டத்தட்ட 31. எங்களைப் போன்ற தெற்காசிய மக்களுக்கு 18.5 இலிருந்து 23 க்குள் இருப்பது நல்லது. அதைவிட முக்கியம் இடுப்பின் சுற்றளவு. பெண்களுக்கு அது 80 சென்ரிமீற்றருக்குள், அதாவது முப்பத்தொன்றரை அங்குலத்துக்குள் இருக்க வேண்டும். எனக்கு 38 அங்குலம். வெறும் வயிற்றில் சீனி 100 க்குக் கீழே இருந்தால் சரி. 126 அல்லது அதற்கு மேல் இருந்தால், திரும்பவும் சோதித்து நீரிழிவு என்று உறுதிசெய்வார்கள். நான் இரண்டுக்கும் நடுவில் நின்றேன்.

"அக்கா, உங்களுக்கு இன்னும் வருத்தம் வரேல்லை. வாசலில நிக்குது. இப்ப திருப்பி அனுப்பலாம்" என்றா அந்த மிஸ்.

அம்மாவின் கால் என் கண்ணுக்கு முன் வந்தது. நான் படுத்துவிட்டால் என் பிள்ளைகளுக்கு வேறு ஆள் இல்லை.

நான் விட்ட பிழை

வீட்டுக்கு வந்தவுடனே கடும் முடிவெடுத்தேன். காலைச் சாப்பாடு இல்லை, இரவுச் சாப்பாடு இல்லை, பகலில் ஒரு அகப்பை சோறு மட்டும். மூன்று நாள் ஓடியது. நாலாம் நாள் நடுச்சாமம் நெஞ்சு படபடக்க எழும்பினேன். வயிறு எரிந்தது. ஒரு கணம் நான் எங்கே இருக்கிறேன் என்றே தெரியவில்லை. தறப்பாளுக்குக் கீழே இருப்பது போல இருந்தது. எழும்பிப் போய் அரை றாத்தல் பாணைச் சீனி தொட்டுச் சாப்பிட்டேன். அழுதுகொண்டே சாப்பிட்டேன்.

அடுத்த கிளினிக்கில் இதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. ஆனாலும் சொன்னேன். மிஸ் ஏசவில்லை. "நீங்கள் பட்டினி கிடந்த ஆள். திரும்பப் பட்டினி போட்டால் உடம்பும் மனமும் பயப்படும். ஆரெண்டாலும் உப்பிடித்தான் செய்வினம். குறைக்கிறது வேற, பட்டினி வேற. ஒரு மாதத்துக்கு ஒரு பழக்கத்தை மட்டும் மாத்துங்கோ. அஞ்சு கிலோ குறைஞ்சாலே காணும்" என்றா.

ஐந்து கிலோ என்று அவ சும்மா சொல்லவில்லை. அமெரிக்காவில் நீரிழிவு வரக்கூடிய நிலையில் இருந்த மூவாயிரத்துக்கு மேற்பட்டவர்களை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2002 இல் வெளிவந்தது. அவர்களில் ஒரு பகுதியினருக்கு, உடல் நிறையில் நூற்றுக்கு ஏழு பங்கைக் குறைப்பதும் கிழமைக்கு 150 நிமிடம் நடப்பதும் இலக்காகக் கொடுக்கப்பட்டன. ஏறக்குறைய மூன்று வருடங்களில், மருந்தில்லாத வெறும் குளிசை எடுத்தவர்களோடு ஒப்பிடும்போது இவர்களுக்கு நீரிழிவு வருவது நூற்றுக்கு 58 பங்கு குறைந்தது. 74 கிலோவில் ஏழு பங்கு என்றால் ஐந்து கிலோவுக்குச் சற்று மேல். மெல்லிய பெண்ணாக வேண்டிய தேவை இல்லை.

முதல் மாதம்: தேநீர்

நாளுக்கு ஐந்து தேநீர் குடிப்பேன். ஒவ்வொன்றுக்கும் மூன்று தேக்கரண்டி சீனி. ஒரு தேக்கரண்டி ஏறக்குறைய 4 கிராம். அப்படியென்றால் தேநீரில் மட்டும் நாளுக்கு 60 கிராம். ஒருவருக்கு நாளுக்கு 25 கிராமுக்குள், அதாவது ஆறு தேக்கரண்டிக்குள், சீனி இருப்பது நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதில் பிஸ்கட், பணிஸ், சோடா எல்லாவற்றிலும் உள்ள சீனியும் அடங்கும்.

நான் ஒரேயடியாக நிறுத்தவில்லை. முதல் இரண்டு கிழமை இரண்டரைக் கரண்டி. பிறகு இரண்டு. மூன்று மாதத்தில் ஒரு கரண்டிக்கு வந்தேன். தேநீரும் மூன்றாகக் குறைந்தது. இப்போது வேறு வீட்டில் மூன்று கரண்டி போட்டுத் தந்தால் தொண்டையில் இறங்குதில்லை. நாக்கு அவ்வளவு கெதியாகப் பழகும். மாதத்துக்கு ஒரு கிலோவுக்கும் மேல் சீனிக் காசு மிச்சம். சீனிக்குப் பதிலாகப் பனங்கட்டி என்றால் வேண்டியளவு கடிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். அதுவும் இனிப்புத்தான்.

இரண்டாம் மூன்றாம் மாதங்கள்: சாப்பாட்டுத் தட்டு

முகாமிலும், மீள்குடியேறிய பிறகு ஆறு மாதமும் நிவாரணமாகக் கிடைத்தது அரிசி, கோதுமை மா, பருப்பு, சீனி, எண்ணெய். அந்த நேரம் அதுதான் எங்களை உயிரோடு வைத்தது. குறை சொல்லமாட்டேன். ஆனால் நிவாரணம் நின்ற பிறகும் பழக்கம் நிற்கவில்லை. காலையில் றொட்டி, பகலில் மலைபோலச் சோறு, இரவில் பாண் அல்லது புட்டு. மரக்கறி தொட்டுக்கொள்ள மட்டும்.

மிஸ் தட்டில் விரலால் கோடு கீறிக் காட்டினா. அரைவாசி மரக்கறியும் இலைக்கறியும். காற்பங்கு சோறு, புட்டு அல்லது இடியப்பம். மற்றக் காற்பங்கு மீன், முட்டை, பருப்பு, கடலை, பயறு போன்றவை. வயிறு நிறையும், பசிக்காது. நான் ஒரேயடியாக அப்படி மாற்றவில்லை. ஒவ்வொரு கிழமையும் சோற்றில் ஒரு பிடியைக் குறைத்து, இலைக்கறியில் ஒரு அகப்பையைக் கூட்டினேன்.

இதற்குக் காசு தேவைப்படவில்லை. முருங்கை வேலியில் நின்றது. பொன்னாங்காணியும் வல்லாரையும் கிணற்றடியில் வந்தன. மீனில் சூடை, சாளை போன்ற சின்ன மீன்களே போதும். பொரிப்பதை நிறுத்திக் குழம்பு வைத்தேன். சொதிக்கு முதற்பால் விடாமல் இரண்டாம் பால் மட்டும் விட்டேன். சம்பலுக்குத் தேங்காய்ப்பூவைக் குறைத்து வெங்காயத்தைக் கூட்டினேன். பாண் வாங்கினால் எனக்கு அரை றாத்தல் என்பது கால் றாத்தலாகியது.

கோதுமை மாப் புட்டுக்குப் பதிலாகக் குரக்கன் புட்டு அவிக்கிறேன். தவிட்டோடு இருப்பதால் பசி தாங்கும். ஆனால் குரக்கன் என்றபடியால் எவ்வளவும் சாப்பிடலாம் என்று நினைப்பது பிழை. அளவு அதற்கும் உண்டு.

இன்னொரு பழக்கமும் இருந்தது. பிள்ளைகள் மிச்சம் விட்டதை எறிய மனம் வராது. அதையும் நான்தான் சாப்பிடுவேன். உங்களிற் பலருக்கும் இந்தப் பழக்கம் இருக்கும் என்று நினைக்கிறேன். ஒரு பருக்கைக்கு ஏங்கியவர்கள் நாங்கள். எறி என்று யாரும் சொல்லக்கூடாது. நான் செய்தது, உலையில் போடும் அரிசியைக் குறைத்தது. மிச்சம் வந்தால் தண்ணீர் ஊற்றி வைத்து, அடுத்த நாள் காலைச் சாப்பாடாக எடுத்துக்கொள்வேன். அன்றைக்கு வேறு காலைச் சாப்பாடு இல்லை.

நாலாம் மாதம்: நடை

எங்கள் ஊரில் ஒரு பெண், அதுவும் கணவர் இல்லாத பெண், வேலை ஒன்றும் இல்லாமல் றோட்டில் நடந்தால் கண்டவர்கள் எல்லாம் கேட்பார்கள். "என்ன, விடியக்காலமை எங்க வெளிக்கிட்டாச்சு?" என்பார்கள். முதற்கிழமை வெட்கத்தில், கடைக்குப் போவதுபோல் கையில் ஒரு பையைக் கொண்டுபோனேன். பத்து நிமிடம் போய்த் திரும்பி வருவேன். இடது குதிக்காலில் ஒரு சின்னச் சிதறுதுண்டு இன்னும் இருக்கிறது. அதனால் கெதியாக நடக்க முடியாது.

இரண்டாம் மாதம் பக்கத்து வீட்டுத் தங்கச்சி சேர்ந்தாள். பிறகு இன்னும் இருவர். நாலு பேராக நடந்தபோது யாரும் ஒன்றும் கேட்கவில்லை. குளக்கட்டு வரை போய் வர அரை மணித்தியாலம். கிழமைக்கு ஐந்து நாள். அதுவே 150 நிமிடம். நடந்துகொண்டு கதைக்க முடிய வேண்டும், ஆனால் பாட முடியாத அளவு மூச்சு வாங்க வேண்டும். அதுதான் சரியான வேகம். பற்றைக் காணிகளுக்குள் இறங்காமல், எல்லோரும் பாவிக்கும் பாதையில் மட்டும் நடக்கிறோம்.

தையலிலும் ஒரு மாற்றம் செய்தேன். ஒரு மணித்தியாலத்துக்கு ஒருமுறை எழும்பி, கிணற்றடிக்குப் போய் இரண்டு வாளி தண்ணீர் அள்ளிக் கத்தரிக்கும் பயிற்றைக்கும் ஊற்றிவிட்டு வருவேன்.

எங்கள் அயலில் ஒரு அக்கா இருக்கிறா. செயற்கைக் கால் போட்டவா. நிறை கூடினதால் கால் வைக்கும் குழி இறுகி, தோல் உரிந்து புண்ணாகியது. புண்ணால் நடக்க முடியவில்லை. நடக்காததால் நிறை இன்னும் கூடியது. அவ இப்போது கதிரையில் இருந்தபடி, இரண்டு கையிலும் தண்ணீர் நிரப்பிய ஒரு லீற்றர்ப் போத்தல்களைப் பிடித்துக்கொண்டு, கையை மேலும் பக்கவாட்டிலும் தூக்கி இறக்குகிறா. இருந்தபடி நல்ல காலையும் நீட்டி மடக்குகிறா. காலையிலும் மாலையிலும் பத்துப் பத்து நிமிடம். கால் இழந்தவர்களுக்கு உடற்பயிற்சி இல்லை என்பது பிழை. ஆனால் நிறை கூடினாலும் குறைந்தாலும் குழி பொருந்தாமற் போகும். ஆகையால் கால் செய்து தந்த இடத்தில் ஒருமுறை காட்டிச் சரிபார்க்க வேண்டும்.

மே மாதமும் பிஸ்கட் பெட்டியும்

ஐந்தாம் மாதத்தில் நான் சறுக்கினேன். அது மே மாதம். ஒவ்வொரு வருடமும் அந்த மாதத்தில் எனக்கு நித்திரை வராது. உங்களில் எத்தனையோ பேருக்கும் அப்படித்தான். நித்திரை குறைந்தால் பசி கூடுமாம், இனிப்பிலும் மாப்பொருளிலும் நாட்டம் கூடுமாம். எனக்கு அது சரியாகத்தான் இருந்தது.

இங்கே ஒரு விடயத்தை ஒளிக்காமற் சொல்கிறேன். 2010 இல் இருந்து என் கட்டிலுக்குக் கீழ் ஒரு தகரப் பிஸ்கட் பெட்டி இருந்தது. அது வெறுமையாக இருந்தால் எனக்கு நித்திரை வராது. திரும்ப ஒருநாள் ஓடவேண்டி வந்தால் பிள்ளைகளுக்குக் கொடுக்க என்று வைத்தது. பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். நடுச்சாமங்களில் அதைத் திறந்து தின்றது நான்தான். அந்த மே மாதம் மட்டும் ஒன்றரைக் கிலோ கூடியது.

"பெட்டியை எறியட்டோ?" என்று மிஸ்ஸைக் கேட்டேன். "எறிய வேண்டாம் அக்கா. குசினி அலுமாரியின்ர மேல்தட்டில வையுங்கோ" என்றா. அப்படியே செய்தேன். பெட்டி இருக்கிறது என்ற நிம்மதி இருந்தது. ஆனால் எழும்பிப் போய், விளக்கைப் போட்டு, கதிரை வைத்து எடுக்க வேண்டும். அதற்குள் பாதி நாட்களில் மனம் அடங்கிவிடும். ஒரு தம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்து படுப்பேன். இப்போது பெட்டிக்குள் பிஸ்கட்டும் இல்லை. வறுத்த கடலை இருக்கிறது.

நித்திரை வராத இரவுகளைப் பற்றியும் கிளினிக்கிற் சொன்னேன். மனநலப் பிரிவுக்கு ஒரு துண்டு தந்தார்கள். போனேன். அதிலும் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று இப்போது தெரிகிறது.

இன்றைய நிலை

2023 மார்கழியில் என் நிறை 66 கிலோ. பதினொரு மாதத்தில் எட்டுக் கிலோ. இடுப்பு 35 அங்குலம். வெறும் வயிற்றுச் சீனி 97. பிரஷரும் இறங்கியது. அதன் பிறகு பெரிதாக ஒன்றும் குறையவில்லை. 66 இலும் 67 இலும் நிற்கிறது. கணக்குப்படி நான் இன்னும் நிறை கூடியவள்தான். ஆனால் முழங்கால் நோ இல்லை. ஒவ்வொரு ஆறு மாதமும் இரத்தம் சோதிக்கிறேன். ஒவ்வொரு இரவும் காலைக் கழுவி, விரல் இடுக்குகளைப் பார்க்கிறேன். அம்மாவுக்கு நான் செய்யாததை எனக்குச் செய்கிறேன்.

உங்களுக்குச் சில வார்த்தைகள்

• 35 வயது கடந்தவர்கள் உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் சுகவனிதையர் கிளினிக் எந்த நாளில் நடக்கிறது என்று கேளுங்கள். நிறை, பிரஷர், சீனி ஆகியவற்றோடு மார்பகத்தையும் கருப்பைக் கழுத்தையும் அங்கே பார்ப்பார்கள். காசு இல்லை.

• ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் மாற்ற வேண்டாம். ஒரு பழக்கம் படிந்த பிறகு அடுத்தது. மாதத்துக்கு ஒரு கிலோ குறைந்தாலும் அது நல்ல குறைவு.

• ஏற்கெனவே சீனி வருத்தத்துக்குக் குளிசை அல்லது ஊசி எடுப்பவர்கள் டொக்டரிடம் கேட்காமற் சாப்பாட்டைக் குறைக்கக் கூடாது. வேளைச் சாப்பாட்டையும் விடக்கூடாது. வியர்த்து, கை நடுங்கி, தலை சுற்றினால் உடனே இனிப்பாக எதையாவது குடியுங்கள்.

• கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் நிறை குறைக்க முயல வேண்டாம்.

• முயற்சி இல்லாமலே நிறை குறைந்தால் சந்தோசப்படாமல் டொக்டரிடம் போங்கள். சீனி வருத்தம், காசநோய் போன்றவற்றுக்கும் அது அறிகுறி.

• "பத்து நாளில் மெலியலாம்" என்று விற்கும் மாவையும் குளிசையையும் வாங்கிக் காசைக் கரைக்க வேண்டாம்.

• சோடா, பழரசப் போத்தல்களில் உள்ள நிறக் குறியைப் பாருங்கள். சிவப்பு என்றால் சீனி மிகக் கூட. பிள்ளைகளுக்கும் அதைக் காட்டிக் கொடுங்கள்.

சகோதரிகளே, உங்களைக் கொஞ்சமாகச் சாப்பிடச் சொல்ல நான் வரவில்லை. எங்களுக்குக் கிடைக்காமற் போன சாப்பாட்டின் கணக்கு எங்களுக்குத் தெரியும். வயிறு நிறையச் சாப்பிடுங்கள். ஆனால் எதனால் நிறைக்கிறோம் என்று பாருங்கள். அவ்வளவையும் தாண்டி உயிரோடு வந்த உடம்பு இது. இதைப் பார்த்துக்கொள்ள எங்களை விட்டால் வேறு ஆள் இல்லை. நாளைக்கு வைக்கும் முதல் தேநீரில் அரைக் கரண்டி சீனியைக் குறைத்துப் பாருங்கள். நானும் அங்கிருந்துதான் தொடங்கினேன்.